எதிர்க்காற்றில் என் முறை

"இந்தக் கூடைய வச்சுக்கிட்டு மேலூரு சந்தைக்குப் போகலாம் தங்கச்சி. மேலூரு வரைக்கும் எங்களோட வர முடியாது."

ஒத்தக்கடையில் மொபைல் கடை வைத்திருந்த அண்ணன் இதைச் சொன்னபோது நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. என் சைக்கிளுக்கு முன்னால் குனிந்து, கூடையை ஒரு தட்டுத் தட்டி, டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, நாடி பிடித்துப் பார்த்தவர் போலச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த நீல நிற சைக்கிள் அது. கியர் கிடையாது. முன்னால் கம்பிக் கூடை, பின்னால் கேரியர். சீட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நான் கிழிக்கவில்லை. கிழித்தால் பழசாகிவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். உட்காரும்போதெல்லாம் அது சரசரக்கும். வெயிலில் நின்றிருந்தால் தொடையைச் சுடும்.

ஜூலையில் பிரான்ஸ் பந்தயம் வந்துவிட்டால் நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் நீங்கள் போடும் சண்டைகளைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சரசரப்புத்தான் கேட்கிறது. பந்தயத்தில் முன்னணியில் இருக்கிற மஞ்சள் சட்டைக்காரர் அந்த மலையில் ஏன் பொறுத்திருந்தார், கடைசி வளைவில் ஏன் அவசரப்பட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். உங்களில் பலருக்கு என்னை ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக ஞாயிற்றுக்கிழமை வரிசையில் வரும் கணக்கு டீச்சராகத்தான் தெரியும். அதற்கு முந்தைய ஓர் ஆடி மாதத்தைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்பா அரிசி மண்டியில் லோடுமேன். அம்மா நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குக் கூலிக்குப் போவாள். அவளைப் பெற்றவர்களும் அதே வயல்களில்தான் குனிந்து நிமிர்ந்தார்கள். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஒத்தக்கடைக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்திருந்த இடத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டில் ஒரு பெண் பேருக்கு வந்த முதல் வண்டி என் சைக்கிள்.

எங்கள் பக்கத்தில் பெண்களுக்குச் சைக்கிள் போட்டியே இல்லை என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு வைப்பார்கள். ஆண்களுக்கு ரோட்டில் வேகப் போட்டி. பெண்களுக்குத் தெருவுக்குள் மெதுவாக ஓட்டும் போட்டி. காலை ஊன்றக் கூடாது, விழக் கூடாது, எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர வேண்டும். அந்தத் தை மாதம் இரவல் சைக்கிளில் ஓட்டி, பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றைப் பரிசாக வாங்கியிருந்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா தெருக்குழாய்க்கு இரண்டு நடை அதிகமாகவே போய்வந்தாள். மெதுவாகப் போவதில் நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருந்தேன்.

மொபைல் கடைக்கு நான் முதலில் போனது அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்யத்தான். சாயங்கால நேரம். கல்லாமேசை மேல் ஒரு பழைய லேப்டாப் திறந்திருந்தது. அதில் இரண்டு மூன்று எழுத்துக் கட்டைகள் இல்லை. திரையில் பச்சை மலையும், அதன் மேல் எறும்பு வரிசை போலச் சைக்கிள்களும். எங்கோ பிரான்சில் நடப்பது, போன் நெட்டில் விட்டு விட்டு ஓடியது. முக்கியமான கட்டத்தில் சரியாக நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அப்போது மொபைல் கடை அண்ணன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடப்பார்.

கடையில் வழக்கமாக நிற்பவர் இன்னொருவர், ஒரு பேங்கில் வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். இருவரும் ஒரே குழுவில் ஞாயிறுதோறும் மேலூர்வரை சைக்கிள் ஓட்டுகிறவர்கள். பார்ப்பதில் மட்டும் ஒத்துப் போகாது. கடை அண்ணனுக்கு மலையில் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறவரைப் பிடிக்கும். பேங்க்காரருக்கு அலட்டிக்கொள்ளாத மஞ்சள் சட்டைக்காரரைப் பிடிக்கும். பக்கத்துக் கடை டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே நடுவில் நுழைவார்.

"ஏப்பா, அம்புட்டு மலையேறி எறங்குறாய்ங்களே, கடைசியா என்ன குடுப்பாய்ங்க?"

"மஞ்சச் சட்ட, மாஸ்டர்."

"பனியனா? அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம் போறாய்ங்க. நம்ம யானமலைல ஏறி எறங்கச் சொல்லு. துண்டும் சேத்து நானே எடுத்துத் தாரேன்."

ரீசார்ஜ் முடிந்தும் நான் போகவில்லை. திரையில் ஒருவர் முகமெல்லாம் உப்புப் படிந்து வெகுதூரம் முன்னால் இழுத்துக்கொண்டு வந்தார். முடிவுக் கோடு தெரிகிற நேரத்தில் ஒதுங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் பதுங்கி வந்தவர் ஜெயித்துக் கையைத் தூக்கினார்.

"முன்னாடி வந்தவரு ஏண்ணே ஜெயிக்கல?" என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கடைசியில் அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்து டேபிள் ஃபேனுக்கு நேராக நீட்டினார். புகை கலைந்தது. நடுவில் ஒரு போன் அட்டைப்பெட்டியை வைத்தார். புகை நேராக எழுந்தது. "பெட்டிதேன் முன்னாடி போறவன். பத்திதேன் பின்னாடி வர்றவன். காத்த இவன் வாங்கிக்கிறான், அவன் தெம்ப மிச்சம் பண்றான்," என்றார். மல்லிகை ஊதுபத்தி. இன்றும் அந்த வாசனை வந்தால், யாரோ எனக்காகக் காற்றை மறைப்பது போல இருக்கும்.

அதைக் கேட்ட பிறகுதான், நானும் ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். அவர் கூடையைத் தட்டிப் பார்த்து நான் முதலில் எழுதிய அந்தப் பதிலைச் சொன்னார். இருந்தும் அந்த ஞாயிறு நான் போனேன்.

போகும்போது ஆடிக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. கூடை கடகடக்க, செருப்புக் காலோடு, எல்லாருக்கும் கடைசியாக மேலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கடை அண்ணன் எனக்கு ஒரு டீ சொன்னார். அவ்வளவுதான், கூடையைப் பற்றிப் பேசவில்லை. திரும்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. காற்று நேர் எதிரே. மண்ணும் சருகும் முகத்தில் அறைந்தன. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருந்தது. எல்லாரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். பிறகு ஒரு சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. பேங்க்காரர்.

"என் பின் சக்கரத்த மட்டும் பாரு பாப்பா. ஒரு முழத்துக்கு மேல எடம் விடாத. வேற எதையும் யோசிக்காத," என்றார்.

அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தேன். அன்று அவருக்குச் சர்ச்சில் பூசை பாதி போய்விட்டது என்று பின்னால் தெரிந்தது. அவர் சொல்லிக் காட்டியதில்லை.

எதிர்க்காற்றில் அந்தக் குழு ஓட்டிய விதம் உங்களுக்குப் புதிதல்ல. ஒருவர் கொஞ்ச தூரம் முன்னால் போய்க் காற்றை வாங்குவார். களைத்ததும் ஓரமாக ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வருவார். அடுத்தவர் முன்னால் போவார். நாம் இன்றும் அதை 'முறை' என்றுதான் சொல்கிறோம். அந்த வார்த்தை வாய்க்காலில் இருந்து வந்தது. குழுவில் பாதிப் பேர் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள். பெரியாற்றுக் கால்வாயில் இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று தண்ணீர் விடுவார்களே, அந்த முறை. "யாரு முறைடா மாப்ள?" என்று காற்றில் கத்துவார்கள்.

என்னிடம் முறை வரும்போது மட்டும் பேங்க்காரர் கையை அசைத்துவிடுவார். "நீ இரு பாப்பா." அடுத்தவர் என்னைத் தாண்டி முன்னால் போவார். சின்னப் பெண், கியர் இல்லாத சைக்கிள், பாவம். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டு அத்தை பூ வாங்க விடிகாலை பஸ்ஸில் போகிறவர். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து சொன்னார்.

"உம் மக யாரோ ஒருத்தன் முதுகப் பாத்துக்கிட்டே போறா. முட்டுற மாதிரி. அவன் வேகமாப் போனா இவளும் போறா, அவன் நின்னா இவளும் நிக்கிறா. நான் சொல்றதச் சொல்லிட்டேன்."

அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"காத்துக்காகம்மா. பின்னாடி போனா காத்தடிக்காது."

"காத்தடிக்காம இருக்கணும்னா வீட்டுல இருக்க வேண்டியதுதான? அதுக்கு மேலூரு வரைக்கும் ஒருத்தன் பின்னாடி போகணுமா?"

ஊதுபத்தியும் அட்டைப்பெட்டியும் அப்போது கைவசம் இல்லை.

அம்மா சைக்கிள் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். கோபம் முகத்தில் தெரியவில்லை; பயம் தெரிந்தது. "பேச்சு கெளம்புச்சுன்னா சைக்கிளோட நிக்காது. ஒம் மாமன் இப்பவே கேக்குறாரு, பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இதுக்கு மேல படிப்புன்னு. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டு. மத்ததுக்கு வேணாம்."

"நீயே ஒருநா வந்து பாரும்மா. தப்பா இருந்தா நிறுத்திக்கிறேன்."

முந்தானை முடிச்சை இறுக்கினாள். "வாரேன். பாத்துட்டு வேணாம்னு சொன்னா அம்புட்டுத்தேன். அப்பறம் அழுகக் கூடாது."

அந்த ஞாயிறு அப்பாவின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தலையில் முக்காடு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. குழுவில் எல்லாரும் சட்டென்று நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். ஒருவர் பாட்டை நிறுத்தினார். கடை அண்ணன், "வாங்கக்கா, வண்டிக்கு எண்ணெய் இருக்கா," என்று அப்பாவைக் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்டார். போகும்போது டிவிஎஸ் ஒரே தூரத்தில் பின்னாலேயே வந்தது. பத்துப் பதினொரு மைல் தூரம் அம்மாவின் கண் என் முதுகில் இருந்தது.

மேலூரில் அம்மா டீ குடிக்கவில்லை. தனியாக நின்றாள். ஒன்றே ஒன்றுதான் என்னிடம் கேட்டாள். "முறை முறைன்னு என்னமோ பேசிக்கிறாகளே, என்னது அது?"

"முன்னாடி போறதும்மா. ஒவ்வொருத்தரும் மாத்தி மாத்திப் போவாக. வாய்க்காத் தண்ணி மாதிரி."

அவள் தலையை ஆட்டினாள்.

திரும்பும்போது காற்று வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. ரோட்டோரத்து வேம்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. முன்னால் போகிறவர் மாறிக்கொண்டே இருந்தார். என்னிடம் வந்தபோது, எப்போதும் போலக் கை அசைந்தது. "நீ இரு பாப்பா." வரிசை ஒரு சுற்று முடிந்து மறுபடியும் என்னிடம் வந்தது. மறுபடியும் கை அசைந்தது. டிவிஎஸ் சத்தம் பக்கத்தில் வருவது கேட்டது, கூடவே அம்மாவின் குரலும்.

"சார். கொஞ்சம் நிறுத்துங்க."

தெற்குத்தெருவைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் எல்லாரும் நின்றோம். முடிந்தது என்று நினைத்தேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அம்மாவிடம் போக எட்டு வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியை விட்டு இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பேங்க்காரருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் முறை வருது. எம்மகளுக்கு மட்டும் ஏன் வரல?"

பேங்க்காரருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"நானும் பாத்துக்கிட்டேதான் வாரேன். எல்லாரும் முன்னாடி போறீக. இவகிட்ட வர்றப்ப மட்டும் கையக் காட்டித் தாண்டிவிடுறீக."

"இல்லம்மா, முன்னாடி போறது கஷ்டம். காத்து பூரா மூஞ்சில அடிக்கும். சின்னப் புள்ள, பாவம்னுதான்..."

"எங்க ஊருல வாய்க்காலுக்கு முறை உண்டு சார். வயலு இருக்கவுகளுக்கு முறை. எங்களுக்கு வயலு இல்ல, முறையும் இல்ல. அது சரி. இவகிட்டத்தான் சைக்கிளு இருக்குல்ல? பின்ன ஏன் இவளத் தாண்டிப் போகுது?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அப்பா டிவிஎஸ்ஸின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கடை அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, முறையக் குடுத்துருங்கண்ணே. இல்லாட்டி அக்கா டிவிஎஸ்ஸ நம்ம மேல ஏத்திரும்."

பேங்க்காரர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். "நாங்க செஞ்சது தப்புதாம்மா. நெனச்சுப் பாக்கல," என்றார். பிறகு என்னிடம், "போ பாப்பா. முன்னாடி போ."

அதுவரை நான் காற்றைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் அது வெறும் சத்தம். முன்னால் வந்ததும் அது ஒரு கதவு. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கூடைக்குள் காற்று புகுந்து ஊளையிட்டது. கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது. மூக்கில் கல் குவாரிப் புழுதி, நாக்கில் இரும்புச் சுவை. என் மூச்சுச் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. வெள்ளரிப்பட்டி போர்டு வரும்வரை விடக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். வேகம் பாதியாகக் குறைந்திருக்கும். யாரும் தாண்டவில்லை. பின்னால் சங்கிலிகள் ஓடும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, அவர்கள் எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு ஒதுங்கிப் பின்னால் வந்தேன். ஒவ்வொருவராக என்னைக் கடந்து போகையில் கடை அண்ணன், "நல்ல முறை," என்றார். அவரிடமிருந்து வந்த முதல் பாராட்டு. கூடையை அதற்கப்புறம் அவர் ஒருமுறைதான் தொட்டார். ஒரு நாள் சாயங்காலம் ஸ்பேனரோடு வந்து அதைக் கழற்றி, சார்ஜர் ஒயர்களைப் போட்டு வைக்கக் கடைக்கு எடுத்துப் போனார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. கூடை எங்கே போனதோ தெரியாது.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு அத்தை காத்துக்கொண்டிருந்தார். அம்மா வண்டியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னாள்: "யாரு சொன்னது எம்மக ஒருத்தன் பின்னாடி போறான்னு? எட்டு ஆம்பளைக அவ பின்னாடி வர்றாக. நான் கண்ணால பாத்தேன்."

"ஆத்தி," என்று அத்தை வாயில் கை வைத்தார். பேச்சு குறைந்ததா கூடியதா என்று நான் விசாரிக்கவில்லை. மாமா வந்து கேட்டபோதும் அம்மா இதையேதான் சொன்னாள். சாவி என் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பாள்: "இன்னைக்கி எம்புட்டு நேரம் குடுத்தாக?" பேங்க்காரர் கஷ்டம் என்று சொல்லியும், முன்னால் போவது, வயலுக்குத் தண்ணீர் பாய்வதைப் போல, ஒரு வரவு என்றே அவள் நினைத்திருந்தாள். அது செலவு என்று நான் திருத்தவில்லை. பொய்யும் சொல்லவில்லை. "நெறையக் குடுத்தாகம்மா," என்பேன். அவள் திருப்தியாகச் சோறு போடுவாள்.

பேங்க்காரர் என் மேல் இரக்கப்பட்டார். அம்மா சைக்கிள் ஓட்டத்தைப் பற்றித் தப்பாகப் புரிந்துகொண்டாள். அந்த இரக்கம் இல்லையென்றால் முதல் ஞாயிறே நடுரோட்டில் உட்கார்ந்து அழுதிருப்பேன். அந்தத் தப்பு இல்லையென்றால் இன்றுவரை யாருடைய பின் சக்கரத்தையாவது பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். இரண்டுக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். பேங்க்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை ஒரு ஞாயிறுகூட என் முறையைத் தாண்டிவிடவில்லை. நான் களைத்துக் கெஞ்சிய நாட்களிலும்கூட.

பிறகு கல்லூரி, பி.எட்., வேலை, கியர் வைத்த சைக்கிள் எல்லாம் வந்தன. அவற்றை நீங்கள் அறிவீர்கள்.

நீங்கள் அறியாதது இது. கோயம்புத்தூரில் புதிதாக ஒரு பெண்கள் சைக்கிள் அணி சேர்ந்திருக்கிறது. அவர்களிடம் மலையில் பறக்கிற ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். சமவெளியில் அவளைக் காற்றில் விடாமல் மலையடிவாரம்வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைக் கேட்டார்கள். இதை நம் குழுவில் ஒருவரிடம் சொன்னபோது, "ஏன் டீச்சர், இம்புட்டு ஓட்டிப் பழகிட்டு, இன்னொருத்தி ஜெயிக்கறதுக்கா போறீங்க?" என்றார். அவர் மலையில் தனியாக ஓடுகிறவர்களின் ரசிகர். சண்டையை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் முறையெல்லாம் ஒழுங்காக் குடுப்பாகளா?" என்று கேட்டாள்.

"அங்க முக்காவாசி என் முறைதாம்மா."

சந்தோஷப்பட்டு, பையில் வைக்க எள்ளுருண்டை பிடித்தாள்.

போன வாரம் ஒத்தக்கடைப் பள்ளியில் விடைபெற்றேன். திங்கட்கிழமை இங்கே கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டேன். நேற்று அதிகாலை பாலக்காட்டு ரோட்டில் முதல் பயிற்சி. கணவாய் வழியாக வருகிற காற்று, மதுரைக் காற்றைவிட முரடு. அந்தப் பெண் என் பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும்வரை கொஞ்சம் மெதுவாகப் போனேன். ஒட்டிக்கொண்டாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.